கதவுக்காரர் முதலில் தூக்கியது என்னை

காரைக்குடியில் இதுவரை வாழ்ந்த மனிதர்களிலேயே யாருக்கும் விளங்காத மனிதர் எங்கள் வீதிக் கதவுக்காரர்தான். இதை நான் எந்தச் சபையிலும் வந்து சொல்லத் தயார். வேண்டுமானால் அவரையும் அழைத்து வருகிறேன். அவரும் ஆமாம் என்று ஒத்துக்கொள்வார். எதற்காக ஒத்துக்கொண்டார் என்பது மட்டும் கடைசிவரை உங்களுக்கு விளங்காது.

புதுவயல் போகிற ரோட்டில் அவருக்கு ஒரு கடை. குளியலறைக்கு பிளாஸ்டிக் கதவு, ஜன்னலுக்கு அலுமினியச் சட்டம் எல்லாம் செய்து கொடுப்பார். குடும்பம் மரவேலைக் குடும்பம். இவருக்கு மட்டும் மரத்தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. அதனால் அலுமினியத்துக்கு மாறிவிட்டார். பரம்பரைத் தொழிலை விட்டோமே என்று அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. தும்மல் நின்ற சந்தோஷமே அவருக்குப் போதும்.

எங்கள் வீதிக்கென்று செல்போனில் ஒரு குரூப் உண்டு. அதை ஆரம்பித்தவர் சிங்கப்பூரில் இருக்கிறார். இங்கே அவருடைய பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய வீட்டின் கவலையில் குரூப்பை ஆரம்பித்தவர், குரூப்பின் கவலை வீட்டுக் கவலையை மிஞ்சிவிட்டதால், ஒருநாள் அட்மின் பொறுப்பைக் கதவுக்காரரிடம் தள்ளிவிட்டுக் கழன்றுகொண்டார். அத்தனை பேரில் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஆள் இவர் ஒருவர்தான், நியாயமானவராக இருப்பார் என்று நம்பிவிட்டார். கதவுக்காரருக்கு டைப் அடிக்கத் தெரியாது என்பதுதான் அந்த மௌனத்துக்குக் காரணம் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பொறுப்பேற்ற அன்றே நன்னடத்தை விதிகளை வெளியிட்டார். குரலில்தான். கடையில் நின்றபடி பேசிப் பதிவுசெய்து அனுப்பினார். முதல் மூன்று விதிகள் தெளிவாகக் கேட்டன. நாலாவது விதிக்கு அவர் வந்தபோது யாரோ அலுமினியம் அறுக்கும் மிஷினைப் போட்டுவிட்டார்கள். அதற்குமேல் க்ரீச் என்ற சத்தம் மட்டும்தான். மிஷின் நின்றபோது "அம்புட்டுத்தான், எல்லாரும் ஒத்துழைங்க" என்று முடித்துவிட்டார். குரூப்பிலிருந்து யாரைத் தூக்கினாலும் அந்தக் கேட்காத நாலாவது விதியின்படிதான் தூக்குவார்.

ஒருமுறை நானே கேட்டேன். "அண்ணே, அந்த நாலாவது விதிதான் என்ன?"

"அன்னைக்கே சொன்னேன்ல தம்பி, நீங்க கேக்கலையா?"

"மிஷின் சத்தம்தாண்ணே கேட்டுச்சு."

"நான் மிஷினுக்குப் பக்கத்துலயே நின்னு பேசுனேன். எனக்கு நல்லாக் கேட்டுச்சே."

எதற்கு உடனே பாய்வார், எதற்குப் பேசாமல் இருப்பார் என்று யாராலும் கணிக்க முடியாது. கழிவுநீர் யார் வாசலில் தேங்குகிறது என்று இரண்டு வீட்டுக்காரர்கள் குரூப்பிலேயே சண்டை போட்டார்கள். அவர் இவருடைய தாத்தாவை இழுத்தார். இவர் அவருடைய கொழுந்தியாளை இழுத்தார். சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். கதவுக்காரர் விரலை அசைக்கவில்லை. "கண்டுக்க மாட்டீகளா?" என்று கேட்டதற்கு, "பேசிக்கிட்டுத்தானே இருக்காக. பேச்சு நின்னாத்தான் எனக்குப் பயம்" என்றார்.

ஒரு வீட்டில் கேதம். பெரியவர் தவறிப்போன செய்திக்கு ஒருவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டார். குரூப்பே கொதித்தது. கதவுக்காரர் அசையவில்லை. "பாத்துட்டேன்னு சொல்றாரு. வெரலை வச்சு ஆளை எடை போடாதீக" என்று ஒரு குரல் பதிவு மட்டும் வந்தது. அதே வாரம், ஆஸ்பத்திரியில் இருந்தவருக்கு ரத்தம் வேண்டும் என்று ஒரு அம்மா நல்லெண்ணத்தில் அவருடைய மருத்துவ அறிக்கையை முழுதாகப் படம் எடுத்துப் போட்டார். கண் சிமிட்டுவதற்குள் அறிக்கையும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. ரத்தம் வேண்டும் என்ற செய்தியைக் கதவுக்காரரே தன் குரலில் மறுபடி சொன்னார். ரத்தம் கிடைத்தது. அந்த அம்மாவுக்குக் கோபம் தீரவில்லை.

உச்சம் அவருடைய மனைவி விஷயம். நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். கடைக்கு விலை கேட்க வந்த ஒரு பெண்பிள்ளை குடையை மறந்துவிட்டுப் போய்விட்டது. மதினி கடைக் கேமராவிலிருந்து அந்தப் பிள்ளையின் படத்தை எடுத்து, இது யார் வீட்டுப் பெண், குடையை வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று குரூப்பில் போட்டார். கதவுக்காரர் கடையின் முன்பக்கத்தில் இருந்தார், மதினி பின்பக்கத்தில். முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்தைத் தூக்கினார். தூக்கிவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி காபி கேட்டார்.

"நான்தான் குரூப்புல இல்லையே. இருக்கிறவுகளைக் கேளுங்க" என்று மதினி சொன்னதாக வீதி முழுக்கச் செய்தி. அந்த வாரம் முழுக்கக் கதவுக்காரர் டீக்கடையில் காபி குடித்ததை நானே பார்த்தேன். தூக்கியவர்களைத் திரும்பச் சேர்க்க ஒரு வாரம் ஆகும். யாராக இருந்தாலும் அதே கணக்கு.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நானும்.

என் மகன் சரவணன் சென்னையில் ஒலிப்பதிவு படிக்கிறான். முடி தோள்வரை. தாடி. ஒரு காதில் வளையம். நல்ல பிள்ளை, பேச்சே குறைவு. ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் திடீரென்று பார்த்தால், பெற்ற எனக்கே பையை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். லீவுக்கு வந்தவன், படிப்புக்காகத் தவளைச் சத்தம் பதிவுசெய்ய வேண்டும் என்று சாக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனான். அவனுடைய மைக்குக்குக் காற்றுச் சத்தம் புகாமலிருக்க ரோமத்தில் ஒரு உறை உண்டு. பார்த்தால் பூனைக்குட்டியைக் குச்சியில் கட்டிவைத்த மாதிரி இருக்கும். கண்மாய்க்கரையில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பூனையைத் தொட வேண்டும் என்றார்கள். தவளை எப்படிக் கேட்கிறது பார் என்று இவன் ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் ஹெட்போனை மாட்டியிருக்கிறான். அந்தப் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு சொக்கிப்போய் நின்றிருக்கிறது. அந்த நொடியில் யாரோ ஒருவர் தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டார்.

நான் பாலிடெக்னிக்கில் ஆய்வகப் பொறுப்பாளன். அன்று ஆய்வகத்தில் இருந்தபோது வீதிக் குரூப்பில் அந்தப் படம் வந்தது. அனுப்பியவர் எங்கள் எதிர்வீட்டு மில்லுக்காரர், புதுவயல் அரிசி ஆலையில் சூப்பர்வைசர். சாக்கோட்டையில் எடுத்த படம், ஒக்கூரில் இருக்கும் அவருடைய சம்பந்தியைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீதிக்கு வந்திருந்தது. கீழே எழுதியிருந்தது இதுதான்: பிள்ளை பிடிக்கும் கும்பல் சாக்கோட்டையில். காதில் கருவி மாட்டி மயக்குகிறார்கள். எல்லோருக்கும் அனுப்பவும். பார்த்தால் விடாதீர்கள்.

முதலில் நானும் அடப் பாவிகளா என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் அந்தப் பாவி போட்டிருந்த சட்டை தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்தது என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்கு வரிசையாக நினைவில்லை. சரவணனுக்குப் போன் செய்தேன். வண்டி பஞ்சர், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்றான். "அப்பா, இங்க எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க" என்றான். படத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தொடர்பு போய்விட்டது. மறுபடி போட்டால் எடுக்கவில்லை.

நான் படித்தவன். படித்தவன் என்ன செய்வான்? தகவலால் வதந்தியை முறியடிப்பான். குரூப்பில் எழுதினேன்: இவன் என் மகன் சரவணன், கல்லூரி மாணவன், பிள்ளை பிடிக்கிறவன் இல்லை, சாக்கோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிர் டீக்கடையில் இருக்கிறான், நீலச் சட்டை, வண்டி எண் இது, அவனுடைய போன் எண் இது, பார்ப்பவர்கள் உதவவும், எல்லோருக்கும் அனுப்பவும். அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். மறுபடி திரையைப் பார்த்தால் என் செய்தி இல்லை. கீழே ஒரு வரி மட்டும் இருந்தது. நான் குரூப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தேன்.

என் பிள்ளையைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று படம் அனுப்பிய மில்லுக்காரர் உள்ளே இருக்கிறார். நான் வெளியே.

கதவுக்காரருக்குப் போன் போட்டேன். வேறு யாரோடோ பேசிக்கொண்டே இருந்தார். ஸ்கூட்டரை எடுத்தேன். சாக்கோட்டைக்கு அவர் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிற வேகத்தில் அவர் கடைக் கண்ணாடியில் ஒரு கல்லை விட்டெறியலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் ரோட்டின் நடுவில் மதினி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பின்னால் நெல் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. அவர் நகரவில்லை. நான் வண்டியை நிறுத்தியதும் சாவியை உருவிக்கொண்டார்.

"அவுக போயிருக்காக. நீங்க அங்குட்டுப் போகக் கூடாதாம்."

"என் மகன் மதினி."

"தெரியும். நீங்க போனா அழுவீகளாம். அழுதா கூட்டம் கூடுமாம். இங்குட்டே உக்கார வைக்கச் சொன்னாக."

"என்னைக் குரூப்புல இருந்து தூக்கிட்டாரு மதினி."

"என்னையும் தூக்குனவுகதான். உக்காருங்க."

நிறுத்திவைத்த குளியலறைக் கதவுகளுக்கு நடுவில் என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். சுற்றிலும் கதவு. எதைத் திறந்தாலும் பின்னால் சுவர். மதினி காபி கொண்டுவந்தார். வாங்கும்போதே பாதியை என் சட்டையில் கொட்டிக்கொண்டேன். என் மனைவி போனில் அழுகிறாள், என்னங்க ஆச்சு, என்னங்க ஆச்சு என்று. கதவுக்கடையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடை வாசலில் கதவுக்காரரின் சின்ன லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் பூப்போட்ட குளியலறைக் கதவுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. முன்சீட்டில் யாரும் இல்லை. என் உயிர் அப்போதே பாதி போய்விட்டது. கதவுக்காரர் இறங்கிவந்து கயிற்றை அவிழ்த்து, ஒரு கதவை நகர்த்தினார். உள்ளே சரவணன் பூனைக்குட்டி மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. உதட்டோரம் ரத்தம். வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை என்பதை நான் அவன் தலையிலிருந்து கால்வரை தடவித் தடவித்தான் நம்பினேன்.

டீக்கடையில் நடந்ததைச் சரவணன் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பிடுங்கிவிட்டார்கள். பையைத் திற என்றார்கள். திறந்தால் ரோமத்தோடு ஒரு பொருள். ஒருவன் காலரைப் பிடித்தான். இன்னொருவன் ஓங்கி ஒரு அறை விட்டான். கூட்டம் பெருகியது. இவன் என்ன சொன்னாலும் சென்னைப் பேச்சாகத்தான் வாயில் வந்திருக்கிறது. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. அப்போது ஒரு லோடு வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்து நின்றது. கதவுக்காரர் யாரையும் தடுக்கவில்லை. இவன் நல்லவன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வண்டியிலிருந்து இறங்காமலே இவனைத் திட்டினார்.

"ஏண்டா, ஒன்னைக் கண்மாய்க்கரை வீட்டுல கதவு அளக்க அனுப்புனா, இங்க ஒக்காந்து டீயா குடிக்கிற? பஞ்சர்னா ஒரு போன் பண்ண மாட்ட? வெயில்ல கதவெல்லாம் வளையுது. ஏறுடா."

காலரைப் பிடித்திருந்தவன் கையை எடுத்துவிட்டான். முதலாளியிடம் திட்டு வாங்குகிறவன் எப்படி வெளியூர்க்காரனாக இருக்க முடியும்? பிடுங்கிய போன் கைமாறிக் கைமாறித் திரும்பி வந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கதவுக்காரரைத் தெரியும். அறைந்தவனே வண்டிக்கு அருகில் வந்து, "அண்ணே, எங்க வீட்டுக் கதவு எப்பத்தான் வரும்?" என்று கேட்டிருக்கிறான். புதன்கிழமை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தவர், ஊர் எல்லை தாண்டியதும் நிறுத்தி, வழியில் வேறு யாராவது பார்த்தால் வம்பு என்று இவனைப் பின்னால் கதவுகளுக்குள் உட்கார வைத்திருக்கிறார். கிளம்பும்போதே போலீசுக்கும் சொல்லியிருந்தார். அவர்களும் வந்து பார்த்துக் கூட்டத்தைக் கலைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவர் கையைப் பிடித்துக்கொண்டே சண்டை போட்டேன்.

"படத்தைப் போட்டவரை விட்டுட்டு என்னை ஏண்ணே தூக்குனீக?"

"தம்பி, ஒங்க மகன் எங்க இருக்கான், என்ன சட்டை, என்ன வண்டி, எல்லாத்தையும் நீங்கதான் எழுதுனீக. படத்தை வச்சுத் தேடுறவனுக்கு வெலாசம் குடுத்துட்டீக."

"அழிச்சா மட்டும் போதாதா?"

"அழிச்சேன். நீங்க மறுபடி போட்டீக. அதையும் அழிச்சேன். வண்டி நம்பரைத் திருத்தி மறுபடி போட்டீக."

நான் ஒரே ஒருமுறைதான் எழுதினேன் என்று இன்றும் என் நினைவு சத்தியம் செய்கிறது. அவர் போனைக் காட்டினார். அழித்த செய்திகளின் தடம் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றது. என் மகனுடைய போன் எண் அவருக்குக் கிடைத்ததும், எந்தக் கடை என்று தெரிந்ததும் நான் எழுதியதிலிருந்துதான். தான் படித்துவிட்டு, மற்றவர்கள் படிப்பதற்குள் அழித்திருக்கிறார். அப்படியானால் நான் எழுதியது சரியா, தவறா? யோசித்தால் தலை சுற்றுகிறது.

"மில்லுக்காரரை?"

"அவரு போட்ட படத்தை மொதல்ல எடுத்துட்டேன். ஆளை எடுத்துட்டா, யாருகிட்ட வாங்குனீக, எங்கெங்க அனுப்புனீகன்னு எப்படிக் கேக்குறது? நெருப்பு எங்குட்டுப் போயிருக்குன்னு வச்சவருக்குத்தானே தெரியும்."

அன்று முழுக்க மில்லுக்காரர் படம் வந்த வழியே திரும்பிப் போனார். ஒக்கூர் சம்பந்தியைக் கூப்பிட்டு, சம்பந்தி மூலமாக இன்னொருவரைக் கூப்பிட்டு, படம் போன குரூப் ஒவ்வொன்றிலும் அது பொய் என்று தன் குரலிலேயே சொன்னார். சில இடங்களில் அவரையே திட்டினார்கள். சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்று, நல்லதுக்கென்று நினைத்துத்தான் அனுப்பினேன், எனக்கும் பேத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அடிக்க வேண்டும் என்றும் இருந்தது, உட்காரச் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் கதவுக்காரர் அவரையும் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார். வேலை முடிந்துவிட்டதாம்.

ஆக, படத்தை அனுப்பியவருக்கும் ஒரு வாரம், படத்தில் இருந்தவனைப் பெற்றவனுக்கும் ஒரு வாரம். இது என்ன நியாயம் என்று கதவுக்காரரிடம் கேட்டேன். அவருக்குத் தண்டனை, உங்களுக்கு விதி என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். நாலாவது விதியில் சொல்லியிருக்கிறேன் என்றார்.

மறுநாள் சரவணன் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டான். கோணல்மாணலாக. வெட்டு வெட்டு என்று வருஷக்கணக்கில் சொன்ன என் மனைவி, குளியலறைத் தரையில் கிடந்த முடியைப் பார்த்து அப்படி அழுதாள். ஹெட்போனையும் மைக்கையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டான். வாசலுக்குக்கூட வரமாட்டான். சாப்பாடு அறைக்குள்தான். யாராவது கதவைத் தட்டினால் அவன் அறையில் விளக்கு அணைந்துவிடும். போன் மணி அடித்தால் நான் முதலில் அவன் அறையைத்தான் எட்டிப் பார்ப்பேன். இப்போதும் பார்க்கிறேன்.

அவன் முடியை வெட்டிக்கொண்ட அன்று சாயங்காலமே கதவுக்காரர் வந்தார். உட்காரச் சொல்வதற்குமுன் உட்கார்ந்தார். போனைக் கையில் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, குரூப்பில் வந்த செய்திகளை வரிசையாக வாசிக்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே இது?"

"ஒங்களை ஒரு வாரத்துக்குச் சேக்க முடியாது. ஆனா வீதிச் சங்கதி தெரியாம எப்படி இருப்பீக? அதான் வந்தேன்."

எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. ஒன்றையும் விடமாட்டார். பொம்மைகளையும் வாசிப்பார். "நாளைக்குக் குழாயில தண்ணி வராது. அதுக்குக் கீழ ஒரு அழுகுற மூஞ்சி. அதுக்குக் கீழ ரெண்டு கும்புடு. கும்புட்டவுகளுக்குக் கீழ ஒரு ஆள் டான்ஸ் ஆடுறாரு. ஏன்னு தெரியலை. பிறந்தநாள் வாழ்த்து. கேக்கு, கேக்கு, கேக்கு, பலூன், கேக்கு."

தினமும் வந்தார். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, சரவணனின் அறைக்கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் சரவணன் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். கதவுக்காரர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கத்தரிக்கா ஒண்ணு. கண்ணடிக்கிற மூஞ்சி ஒண்ணு. இதை ஒரு வயசானவுக எனக்கு அனுப்பியிருக்காக, என்ன அர்த்தம்னு தெரியலை" என்று வாசித்தார். சரவணன் சிரித்துவிட்டான். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதும் என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

ஒரு வாரம் முடிந்தது. "சேத்துறவா தம்பி?" என்று கேட்டார். நான் கொஞ்சம் போகட்டும் என்றேன். ஏன் என்றார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மில்லுக்காரரைச் சேர்த்துவிட்டார். என்னிடம் தினமும் வந்து வாசித்துவிட்டுக் கேட்கிறார், நான் தினமும் தள்ளிப்போடுகிறேன். என்னை விளங்காத மனிதன் என்று அவர் இப்போது மதினியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நேற்று அவர் வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. சரவணன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய், வருகிறாரா என்று பார்த்துவிட்டு வந்தான்.